திறப்புரை முடியும் வரை

பூட்டுக்காரனையே பூட்டி வைத்துவிட்டார்கள் என்று வெளியே சொன்னால் நாளைக்குக் கடைக்கு யார் வருவார்கள், பேசாமல் இருங்கள் என்கிறாள் என் மனைவி. வராவிட்டால் போகட்டும். வயிற்றெரிச்சலை எத்தனை நாள்தான் வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பது?

அன்று காலை ஒரு அம்மாளின் இரும்புப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டாராம். இதற்கு மேல் ஒரு புத்திசாலியை இன்று பார்க்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி. முந்தின நாளே அவள் தன் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"என்னங்க, அப்பா பாத்ரூம்ல மாட்டிக்கிட்டார்."

"எப்படி?"

"குளிச்சு முடிச்சு வெளிய வரப் பாத்தா கதவு திறக்கல. கைப்பிடி சும்மா சுத்துதாம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டுப் பூட்டுகள் அத்தனையும் நான் பார்த்துப் பார்த்து வாங்கி, என் கையால் பொருத்தியவை. பொருத்திய அன்று என் மாமனார் ஒவ்வொரு கைப்பிடியையும் இரண்டு முறை திருகிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான். ஈரத் துண்டைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள் என்று அன்றே சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்?

மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் தலைநகரத்துச் சுரங்க ரயிலில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பி இருமக் கூடாது என்றெல்லாம் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்களே, அதில் பாதி அவர் கைவண்ணம். விதிப் பிரிவுக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவரின் ஒரே மகள் போயும் போயும் ஒரு பூட்டுக்காரனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. மகளிடம் பேசும்போது "உன் வீட்டுக்காரர்." என்னிடம் பேச வேண்டி வந்தால் "இந்தாப்பா." அவ்வளவுதான் உறவு.

"பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடவான்னு கேட்டேன். இடுப்புல துண்டோட இருக்கேன், ஒருத்தனும் வரக் கூடாதுன்னு கத்தறார். மாப்பிள்ளை வரட்டும்ங்கறார்."

"என்ன சொன்னார்?"

"மாப்பிள்ளை வந்து திறக்கட்டும்னார்."

"இன்னொரு தடவ சொல்லு."

"விளையாடற நேரமாங்க இது? சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டு, சாப்பிடாம குளிக்கப் போயிருக்கார். நேரம் ஆக ஆக மயக்கம் வந்துடும். சீக்கிரம் வாங்க."

பெட்டிக்கார அம்மாளிடம் பெட்டியைக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு, கருவிப் பையோடு கடையைச் சாத்தினேன். தெருவில் கால் வைக்க இடமில்லை. சுரங்க ரயிலின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா என்று வளைவுகளும் கொடிகளும் கட்டிச் சாலையையே மறித்திருந்தார்கள். ரயிலில் போவதைத் தவிர வேறு வழியில்லை. ரயிலைக் கொண்டாடுவதற்காகச் சாலையை அடைத்து மக்களை ரயிலுக்கே அனுப்பும் சாமர்த்தியத்தை நான் அப்போது மெச்சினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மத்தியச் சந்திப்பில் இறங்கி அடுத்த பாதைக்கு மாற வேண்டும். அங்கிருந்து இரண்டே நிலையம். இறங்கினேன். நடைவழியில் பாதி தூரம் போயிருப்பேன், முன்னால் கடகடவென்று ஓர் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. திரும்பினேன். பின்னாலும் ஒன்று. தொடர்ந்து வெளிப்பக்கத்தில் பூட்டு விழும் சத்தம் கேட்டது. பூட்டுச் சத்தம் எனக்குத் தெரியாதா? நல்ல கனமான, பழைய காலத்துத் தொங்கு பூட்டு.

ஒலிபெருக்கி கனைத்துக்கொண்டது. "பயணிகளின் அன்பான கவனத்திற்கு. நமது மரபுப்படி கதவுகள் பூட்டப்பட்டுள்ளன. திறப்புரை முடிந்ததும் திறக்கப்படும். ரயில்களும் அதன் பின்னரே ஓடும். வரலாற்றில் பங்கேற்றமைக்கு நன்றி."

என்னோடு நூறு பேராவது மாட்டியிருப்பார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது பழைய காலத்து நீளச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். கழுத்திலிருந்து முழங்கால் வரை பித்தளைப் பொத்தான்கள். மரபுப் பிரிவு அதிகாரி என்று சொல்லிக்கொண்டார். எனக்கு அவர் பித்தளைப் பொத்தான்தான்.

"சார், எதுக்கு எங்கள உள்ள வச்சுப் பூட்டினீங்க?"

அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல மலர்ந்தார். "முதல் முதல்ல இந்த நிலையத்தத் திறந்தப்ப நகரசபைத் தலைவர் பேசினார். பேச்சு பாதியில இருக்கும்போதே ஜனங்க எழுந்து போக ஆரம்பிச்சிட்டாங்க. அப்ப இருந்த நிலைய அதிகாரி ரொம்ப மரியாதை தெரிஞ்சவர். சட்டுனு போய்க் கதவப் பூட்டிட்டார். மறுநாள் பத்திரிகையில என்ன போட்டான் தெரியுமா? பேச்சு முடியற வரைக்கும் ஒருத்தர்கூட அசையலைன்னு போட்டான்."

"வருஷா வருஷம் பூட்டறீங்களா? நான் பார்த்ததே இல்லையே."

"வழக்கமா சின்ன நிலையமா ஒண்ணு பாத்து, எங்க ஊழியர்களையே உள்ள வச்சு அடையாளத்துக்குப் பூட்டுவோம். இது நூத்தைம்பதாவது வருஷம் இல்லையா? நிஜப் பயணிகள வச்சு செய்யணும்னு குழுவுல ஏகமனதா முடிவாச்சு."

"என் மாமனார் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டிருக்கார் சார். நான் போய்த்தான் திறக்கணும். சர்க்கரை நோயாளி."

பித்தளைப் பொத்தான் என் தோளில் கை வைத்தார். குரல் தழுதழுத்தது. "இங்க இருக்கற ஒவ்வொருத்தருக்கும் வெளிய யாரோ ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க. முதல் நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தத் தவிப்பைத்தான் நாங்க திரும்பக் கொண்டு வந்திருக்கோம். நீங்க அத உணர்றீங்க பாருங்க, அதுதான் எங்களுக்கு வெற்றி."

இவரிடம் பேசிப் பயனில்லை என்று கதவருகே போனேன். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. பூட்டு வெளியே சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வளைந்த கம்பி ஒன்று பையில் இருந்தது நினைவுக்கு வர, பையைத் திறந்தேன். அதற்குள் பித்தளைப் பொத்தான் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அடடா, கைக் கருவிகள். மின்சாரம் இல்லாதது. எல்லாம் எவ்வளவு பழசு?"

"எங்கப்பா காலத்துது சார்."

"இதக் கையில வச்சுக்கிட்டு நிக்கறீங்களே, திருடு போனா என்ன ஆகறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பையை வாங்கிக்கொண்டு போய், நடைவழியில் விழாவுக்காக வைத்திருந்த கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கி, பேழையைப் பூட்டிவிட்டார். "பொதுமக்கள் அன்பளிப்பு" என்று ஓர் அட்டையும் வைத்தார். பேழையின் சாவி யாரிடம் என்று கேட்டேன். அருங்காட்சியகக் காப்பாளரிடம். காப்பாளர் எங்கே? வெளியே. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். என்னை ஏறவே விடவில்லை.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு நர்ஸம்மா இருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டவர். கண் சிவந்திருந்தது. "ஊசி போட்டவருக்குச் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாதே. வேர்க்குதான்னு கேளுங்க. கை நடுங்குதான்னு கேளுங்க," என்றார்.

மனைவியை அழைத்தேன். வேர்க்கிறதாம். பேச்சும் குழறுகிறதாம். "எங்க வந்துட்டீங்க? மாப்பிள்ளை எங்க வந்துட்டார்னு அவரும் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"இதோ, ரெண்டு ஸ்டேஷன்தான்."

பொய் இல்லை. இரண்டே நிலையம்தான்.

நடைவழியின் நடுவே போட்டிருந்த விழா மேடையைப் பார்த்தேன். நாற்காலிகள் இருந்தன, ஒலிவாங்கி இருந்தது, பூச்செண்டு இருந்தது. சிறப்பு விருந்தினர் மட்டும் இல்லை. வரலாற்றுக் குழுத் தலைவரும், கட்டுப்பாட்டு அறைக்காரரும், பித்தளைப் பொத்தானும் தலையோடு தலை முட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய் நின்றேன். திறப்புரை ஆற்ற வேண்டியவர் போக்குவரத்து அமைச்சர். சாதாரணப் பயணியைப்போலச் சுரங்க ரயிலிலேயே வந்து இறங்கினால் படம் நன்றாக வரும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். வடக்கு முனையத்தில் ஏறியும் விட்டார். இங்கே நேரம் தவறாமல் கதவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியதும் எல்லா ரயிலும் நின்றுவிட்டது. அமைச்சர் இருந்த ரயிலும்.

"அமைச்சர் பேசினாத்தான் கதவு திறக்கும்," என்றார் தலைவர்.

"கதவு திறந்தாத்தான் ரயில் ஓடும்," என்றார் கட்டுப்பாட்டு அறைக்காரர்.

"ரயில் ஓடினாத்தான் அமைச்சர் வருவார்," என்றார் பித்தளைப் பொத்தான்.

மூவரும் விரல் விட்டு ஒருமுறை சரிபார்த்தார்கள். பிறகு தலைவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. "அப்ப எல்லாம் விதிப்படிதான் நடக்குது."

நான் குறுக்கே புகுந்தேன். "போன்லயே பேசச் சொல்லலாமே?"

"அவர் ரயில் நிக்கறது சுரங்க வளைவுல. அங்க சிக்னல் கிடைக்காது."

"நடந்து வரலாமே?"

"தண்டவாளத்துல நடக்கக் கூடாதுன்னு பெரிய பலகை வச்சிருக்கோம். அந்தப் பலகையத் திறந்து வச்சதே அமைச்சர்தான். அவரே மீறினா எப்படி?"

இருக்கிற நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். இது திறப்புரை அல்ல, அறிமுகவுரை மட்டுமே, ஆகவே இது முடிந்தாலும் கதவு திறக்காது, யாரும் ஏமாற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர்.

"அன்று ஏழு கம்பெனிகள் இந்த நகரத்துக்கு ரயில் விட்டன. ஏழும் நகரின் ஏழு ஓரங்களில் ஏழு பிரம்மாண்டமான முனையங்களைக் கட்டின. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இல்லை. மக்கள் தலையில் மூட்டையுடன் ஊரைக் குறுக்கே நடந்து கடந்தார்கள். இதைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு. நான் கேட்கிறேன், வழி இருந்திருந்தால் சுரங்க ரயில் தேவைப்பட்டிருக்குமா? இதுதான் தொலைநோக்கு."

யாரும் கைதட்டவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"வடக்கிலிருந்து ஒரு குழுவும் தெற்கிலிருந்து ஒரு குழுவும் சுரங்கம் தோண்டி வந்தன. நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் கடந்து போய்விட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டதாக இரண்டு குழுக்களுமே குறிப்பு எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் போட்டிக் கம்பெனிக்காரர்களிடம் முதலில் பேசுவது யார்? தன்மானம் மிக்க காலம் அது. பிறகு இரண்டையும் இணைக்கப் போட்டதுதான் நமது புகழ்பெற்ற வளைவு. இன்று அமைச்சர் அங்கே இருக்கிறார் என்பது நமக்குப் பெருமை."

அடுத்து வாசலில்லாத நிலையத்துக்கு வந்தார். நடைமேடை, பெஞ்சு, கடிகாரம் எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் மேலே போகப் படிக்கட்டு வைக்க மறந்தது தெரிந்ததாம். இன்றும் ரயில் அங்கே நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போகிறது. "நகரத்திலேயே சுத்தமான நிலையம் அதுதான். இன்றுவரை அங்கிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை."

நர்ஸம்மா என் பக்கம் குனிந்தார். "அங்க எவனாவது இறங்கியிருந்தா?"

"இறங்கினவன் புகார் குடுக்க மேல வரணுமே."

போன் அடித்தது. மனைவி அழுதுகொண்டிருந்தாள். சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறாள். எடுத்துச் சாப்பிட மாட்டேன் என்கிறாராம். குளியலறையில் உண்ணக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு விதி இருக்கிறது. போட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"போன உள்ள தள்ளு. நான் பேசறேன்."

போன் தரையில் உரசும் சத்தம், தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு மூச்சு. "மாப்பிள்ளை... வந்துட்டீங்களா?"

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. எங்கே நின்றுகொண்டு கேட்கிறேன் பாருங்கள். "மாமா, முதல்ல அந்தச் சர்க்கரைய வாயில போடுங்க."

"பாத்ரூம்ல..."

"இன்னைக்கு ஒரு நாள் அது பாத்ரூம் இல்ல மாமா. கதவு திறக்கலைன்னா அது வெறும் ரூம்தான். போடுங்க."

பொட்டலம் பிரிக்கும் ஓசை கேட்டது. நர்ஸம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. "என்னையும் உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க மாமா."

"பூட்டுக்காரரையா?"

"ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில விழுந்துதாம்னு சொல்லுவாங்களே, அந்தக் கதைதான். மத்தியச் சந்திப்புல. திறப்புரை முடியற வரைக்கும் கதவு திறக்காதாம்."

மறுபக்கம் சர்க்கரையை மெல்லும் சத்தமும் நின்றுபோனது. மயங்கிவிட்டாரோ என்று பயந்தேன். ஆனால் குரல் வந்தது. குழறல் போய், பழைய மிடுக்கு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "அது நான் எழுதின விதி. அதுவரைக்கும் வெறும் பழக்கமா கிடந்துது. நான்தான் எழுத்துல கொண்டு வந்தேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. நான் மாட்டிய பூட்டுக்குள் அவர். அவர் போட்ட விதிக்குள் நான். இதை அப்படியே அவரிடம் சொன்னதும் அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. கொஞ்சம் விக்கல் மாதிரி இருந்தது.

"மாமா, நகவெட்டி இருக்கா அங்க?"

"இருக்கு."

"அதுல தட்டையா ஒரு நாக்கு இருக்கும். கைப்பிடிக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு திருகாணி தெரியுதா? அவசரமே வேண்டாம். இடப்பக்கமா திருப்புங்க."

நகவெட்டி திருகாணித் தலையில் தடதடப்பது எனக்குக் கேட்டது. ஒரு திருகாணி தரையில் விழுந்து உருண்டது. தேட வேண்டாம் என்றேன். இரண்டாவதும் வந்தது. கைப்பிடியை இழுக்கச் சொன்னேன். உள்ளே ஒரு சதுரக் கம்பி இருக்கும், ஈரத் துண்டின் பாரத்தில் அது நழுவியிருக்கும், அந்தப் பக்கமாக அழுத்தித் தள்ளி, நகவெட்டியால் கவ்விப் பிடித்துத் திருப்புங்கள் என்றேன். ஈரத் துண்டு என்று நான் சொன்னபோது அவர் இருமினார். மேடையில் தலைவர் இரண்டாவது கம்பெனிக்கு வந்திருந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். என் கையே அந்தக் கதவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன்.

டக்.

எத்தனையோ ஆயிரம் பூட்டு திறந்திருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை. மனைவி "அப்பா" என்பது கேட்டது. நர்ஸம்மா எழுந்து என் கையைக் குலுக்கினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தனக்குத்தான் என்று நினைத்துத் தலைவர் மேடையிலிருந்து கும்பிட்டார்.

மாமனார் சாப்பிட்டுவிட்டு, தெம்பாகி, அவரே அழைத்தார். "மாப்பிள்ளை, நீங்க என்னத் திறந்துவிட்டீங்க. இப்ப என் முறை. திறப்புரைய அமைச்சர்தான் பேசணும்னு விதியில இல்ல. 'துறையின் மூத்தவர் ஒருவர்'னுதான் எழுதியிருக்கேன். அப்ப எனக்கு மேல இருந்தவருக்குப் பேசணும்னு ஆசை, அதனால அப்படி எழுதச் சொன்னார்."

"இங்க யாராவது ஒருத்தர் பேசினாப் போதுமா?"

"அங்க இருக்கறவங்க யாரு? தலைவர், வெளியில இருந்து நியமிச்ச ஆளு. மத்தவங்க எல்லாம் ஒப்பந்த ஊழியர். துறையில முழுசா வேலை பாத்து ஓய்வு பெற்ற மூத்தவன் நான் ஒருத்தன்தான். நான் வரேன். கதவுக்கு வெளிய நின்னே பேசலாம். 'திறக்கலாம்'னு ஒரே வாக்கியம். முடிஞ்சுது."

"ஒரே வாக்கியம் போதுமா மாமா?"

"நீளம் எவ்வளவுன்னு விதியில போடவே இல்லையே."

அந்த நேரத்தில் அது எவ்வளவு இனிப்பாகக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஓடிப்போய்ப் பித்தளைப் பொத்தானிடம் சொன்னேன். அவர் தலைவரிடம் சொன்னார். தலைவர் விதியைப் புரட்டிப் பார்த்து, அப்படித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சேதி பரவியது. ஜனங்கள் பைகளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பினார்கள்.

மாமனார் வந்தார். சாலையில் வளைவுகளைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார்கள். கம்பிகளுக்கு அப்பால் அவரையும் பின்னால் என் மனைவியையும் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. தேய்த்த சட்டை, வாரிய தலை, வழித்த தாடை. வழித்த தாடையைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம் பேச வருகிறவன் எதற்குச் சவரம் செய்துகொள்கிறான்?

பித்தளைப் பொத்தான் ஒலிவாங்கியைக் கம்பி இடுக்கு வழியாக நீட்டிக் கொடுத்துவிட்டு மேடைக்குத் திரும்பினார். மாமனார் அதைத் தட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கையில் ஒலிவாங்கி வந்ததில்லை. அது அவர் பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

"ஒரே வாக்கியத்தில் முடிப்பதாக என் மாப்பிள்ளையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்," என்று தொடங்கினார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"அந்த வாக்கியத்துக்குப் போவதற்கு முன்..."

கைதட்டல் நின்றது.

"...இந்த விதி உருவான சூழ்நிலையைச் சற்று விளக்குவது என் கடமை. என்னிடம் இது வந்தபோது வெறும் நான்கு வரி. கதவு என்றால் எது கதவு? பூட்டு என்றால் யார் பூட்டு? உரை முடிந்தது என்பதை முடிவு செய்வது பேசுபவரா, கேட்பவரா? கேட்பவரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதை வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது. ஆகவே பேசுபவர் என்று எழுதினேன்."

நர்ஸம்மா பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். என் முகத்தை அவர் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

பேச்சு முதல் திருத்தத்துக்கும், அதற்கு வந்த ஆட்சேபத்துக்கும், ஆட்சேபித்தவரின் குணநலன்களுக்கும் போனது. நான் மெதுவாகக் கதவோரம் நகர்ந்தேன். மனைவியும் அந்தப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"என்னடி இது?"

"சவரம் பண்ணும்போதே பேச்சுக்குக் குறிப்பு சொல்லிப் பாத்திருப்பார் போல. வழியெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே வந்தார். பேசாம அந்தப் பாத்ரூம் கதவ நாளைக்குத் திறந்திருக்கலாம் நீங்க."

"கொண்டை ஊசி இருக்கா?"

அவள் புரிந்துகொண்டாள். மதிய நேரங்களில் என் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள். கதவுப் பூட்டு அவளுக்கு வராது. தொங்கு பூட்டு வரும். ஊசியைத் தலையிலிருந்து உருவினாள். அப்பாவின் பின்பக்கமாகக் குனிந்தாள். நான் உதட்டை அசைக்காமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே திருப்பினாள். நூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். மேடையில் இருந்தவர்கள் மட்டும் பார்க்கவில்லை. அவர்கள் பேச்சைக் கேட்பதுபோல் கண்ணை மூடியிருந்தார்கள்.

டக்.

பூட்டு வாயைப் பிளந்து தொங்கியது. மனைவி அதை ஓசைப்படாமல் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி ஒரு தள்ளு. நான் தள்ளினால் எல்லோரும் என் பின்னால் வந்துவிடுவார்கள். நர்ஸம்மா எழுந்தேவிட்டார். "போங்க," என்றார் காதருகே. கதவில் கை வைத்தேன்.

மாமனார் அப்போது என் பக்கம் திரும்பினார்.

"இங்கே உள்ளே நிற்கிறாரே, இவர்தான் என் மாப்பிள்ளை," என்றார் ஒலிவாங்கியில். நிலையம் முழுக்க அது எதிரொலித்தது. வளைவில் அமைச்சருக்குக்கூடக் கேட்டிருக்கும். "பூட்டுத் தொழில் செய்கிறார். இவருக்குப் பெண் கொடுக்கத் தயங்கியவன் நான். இத்தனை காலம் மாப்பிள்ளை என்று கூப்பிடவும் இல்லை. அது என் தவறு. இன்று காலை என் உயிரைக் காப்பாற்றினார். நடுங்கும் கைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தடவைகூட என்னை அவசரப்படுத்தவில்லை."

அவர் கண்ணில் நீர் நின்றது. எனக்கும்தான். அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"இப்படிப்பட்ட பொறுமைசாலி ஒருவர் உள்ளே இருந்து கேட்கும்போது, நான் சுருக்கிப் பேசினால் அது அவருக்குச் செய்யும் அவமரியாதை. ஆகவே விரிவாகவே சொல்கிறேன். இரண்டாவது திருத்தம்."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நூறு பேரும் பார்த்தார்கள். மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டாள். பூட்டு அவள் இடுப்பில் இருந்தது. கதவு என் விரல் பட்டாலே திறக்கும்.

கதவிலிருந்து கையை எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கைதட்டினேன்.